மலைக்காரரின் சிவப்புப் புள்ளி

அத்தானும் அக்காவும் மலையை விட்டு இறங்கிய அன்று லாரியிலிருந்து சாமான் இறக்கியவன் நான்தான். அக்காவின் பங்கு ஒரு பெட்டி, ஒரு மெத்தை, சில தலையணைகள். மீதியெல்லாம் அத்தானுடைய இரும்பு. கைப்பம்பு, மீட்டர், அரிசி அளவிலிருந்து முழங்கை அளவு வரைக்கும் திருப்புளிகள். காற்றை எவ்வளவு உறிஞ்சினோம் என்று காட்டும் கேஜ் ஒன்றை மட்டும் துண்டில் சுற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். "அதுக்குப் பசிக்குதோ என்னமோ, கேளுங்க" என்று அந்தக் கேஜை வைத்து அக்கா அவரை முன்பெல்லாம் கேலி செய்வாள். அன்று கேலி செய்யக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

அந்த மூச்சுக்காகத்தான் இறங்கினார்கள். அக்காவின் நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, மலையில் காற்று மெலிசு, இன்னொரு குளிர்காலம் அங்கே இருந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று மேலே இருந்த டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். கடலை ஒட்டிய ஊரில் காற்று கனமாக இருக்கும். அங்கே போய்விட்டால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு பல வருஷம் தள்ளலாம். எங்கள் ஊர் கடலை ஒட்டியதுதான். அக்கா பிறந்ததும் இங்கேதான். கல்யாணமாகி மலையேறியவள், தலையெல்லாம் நரைத்தபிறகு தம்பி இருக்கும் தெருவுக்கே திரும்பி வருகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாடியில் இரண்டு அறை பார்த்துவைத்தேன். கீழ்வீடு கிடைக்கவில்லை. அந்தப் படிக்கட்டுக்காக அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

நான் பழைய கார்களுக்கு சீட் தைக்கிறவன். பெண்டாட்டி பிறந்த நாளை மறந்தாலும் கார் பிறந்த வருஷத்தை மறக்காத மனிதர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அதனால் அத்தானுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சம் வராது என்று தெரியும். அவர் செய்கிற வேலையைச் செய்ய இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரை விட்டுவிட்டு ஊசி வழியாகப் பெட்ரோல் பீய்ச்சப் பழகிய முதல் தலைமுறைக் கார்களில், இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கை கொள்ளும் அளவுக்கு உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். பிரஷர் சென்சார் என்பார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இன்ஜினுக்குப் போகும். பெட்டிக்குள்ளே, காற்றை முழுக்க எடுத்துவிட்டு மூடிய இரண்டு தகர டப்பிகள். இன்ஜின் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அந்த டப்பிகள் உப்பும், சுருங்கும். கூடவே ஓர் இரும்புத் துண்டு கம்பிச்சுருளுக்குள் முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வைப் பார்த்து, உள்ளே இவ்வளவு காற்று இருக்கிறது, இவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பெட்டியில் மெல்லிய செம்புத் தகடு ஒன்றும் உண்டு. வயதானால் அதில் விரிசல் விழும். விழுந்ததும் கார் குடிகாரனாகிவிடும். பெட்ரோலை மொடாமொடாவெனக் குடித்துக் கறுப்புப் புகை கக்கும்.

புதுப் பெட்டி இப்போது யாரும் செய்வதில்லை. பழையதைப் பிரித்து, தகட்டை மாற்றி, மறுபடி சரிசெய்து மூட வேண்டும். அத்தான் மலையில் வானிலை நிலையத்தின் பாரோமீட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். பாரோமீட்டருக்குள் இருப்பதும் இதே மாதிரி டப்பிதான். யாரோ ஒருவருடைய கார் மலையேறும் வழியில் மூச்சடைத்து நிற்க, வேடிக்கை பார்க்கப் போனவர் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். பிறகு எங்கெங்கிருந்தோ பார்சலில் பெட்டிகள் வந்தன, சரியாகித் திரும்பிப் போயின.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வரும். குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு நிதானம். பெட்டியைப் பம்போடு இணைப்பார். மெதுவாகக் காற்றை உறிஞ்சுவார். கேஜின் கண்ணாடிமேல் நகப்பூச்சால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. அக்கா புதுப்பெண்ணாக இருந்தபோது பூசிய நகப்பூச்சு. முள் அந்தப் புள்ளியைத் தொட்டதும் அவர் கை தானாக நின்றுவிடும். அந்த இடத்தில் மீட்டர் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் காட்ட வேண்டும். காட்டும்வரை உள்ளே இருக்கும் திருகைக் கால் சுற்று, அதிலும் கால் என்று திருப்புவார். எண் வந்ததும் திருகின்மேல் பிசினை ஊற்றி மூடிவிடுவார். பிசின் இறுகிவிட்டால் பிறகு உடைத்தால்தான் உண்டு.

கீழே வந்த கொஞ்ச நாளிலேயே அக்காவின் உதடுகளில் நிறம் வந்துவிட்டது. முதலில் அடுத்த அறை வரை நடந்தாள், பிறகு தெருமுனை வரை. எங்கள் ஊர் தட்டையான ஊர். உயரம் என்று இருப்பது துறைமுக வாய்க்காலின் மேல் வளைந்து போகும் பாலம் ஒன்றுதான். சாயங்காலமானால் "பாலத்துக்குக் கூட்டிட்டுப் போடா" என்று என் வேனில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். உச்சியில் நிறுத்தி ஜன்னலை இறக்கிவிட்டால், கரைப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். இவள் ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அத்தான்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஜன்னல் ஓரம் மேசை போட்டுக்கொண்டார். மதிய நேரம் கடல்காற்று திரைச்சீலையை உப்பவைக்கும், பிறகு அதுவே உள்ளிழுத்துக்கொள்ளும். அவர் கையில் திருப்புளியோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவர் போலத் திரும்புவார். இங்கே காற்றைக் கையால் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது என்பார். தினமும் ஒரே கனவு வருகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அறை முழுக்கத் தண்ணி. மேசை, நாற்காலி எல்லாம் மெதுவா மிதக்குது. நான் பாட்டுக்கு உக்காந்து வேலை பாக்கறேன். திருகு ஒண்ணு கைநழுவிக் கீழ போகுது, போகுது, போயிட்டே இருக்கு. தரையத் தொடவே மாட்டேங்குது."

"அந்தத் தண்ணில நான் எங்க இருந்தேன்?" என்றாள் அக்கா.

"நீ ஜன்னல்கிட்ட நின்னுட்டு நல்லா மூச்சு விட்டுட்டு இருந்தே."

"அப்ப நல்ல கனவுதான். சாப்பிடுங்க."

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார். நீண்ட மூக்கு வைத்த வெள்ளைக் கார் அவருடையது. அதற்கு சீட் தைத்தவன் நான், சென்சார் சரிசெய்தவர் அத்தான். மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தே பழகியவர் அன்று தன் வாயைத் திறந்தார்.

"மலைக்காரர்கிட்ட சொல்லுங்க. புகை நின்னுடுச்சு, அது சரி. ஆனா இப்ப கார் இருமுது. பாலத்துல பாதி ஏறினதும் லொக்கு லொக்குன்னு முக்கி நின்னுடுது. பின்னாடி வர்றவன் எல்லாம் என் பரம்பரையையே இழுக்கறான்."

எங்கள் ஊரில் அத்தானுக்கு மலைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. மலைக்காரர் பிசினை உடைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். முள் சிவப்புப் புள்ளியில் நின்றது. மீட்டர் சரியான எண்ணைக் காட்டியது. மூடிக் கொடுத்தார். கார் மறுபடி இருமியது. தகட்டை மாற்றினார், அப்போதும் இருமியது. அதற்குள் அவர் இங்கே வந்து செய்த மற்றப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாவற்றுக்கும் ஒரே புகார். இழுவை இல்லை, சூடாகிறது, மேடு வந்தால் இருமுகிறது. மலையில் செய்து அனுப்பியவற்றில் ஒன்றுகூட இப்படித் திரும்பியதில்லை. அக்கா இருமல் நின்று நன்றாக இருக்கிறாள், அவர் தொட்ட கார்களெல்லாம் இருமுகின்றன.

அவர் ஈரத்தைச் சந்தேகப்பட்டார், உப்புக்காற்றைச் சந்தேகப்பட்டார், புதுத் தகடுகளைச் சந்தேகப்பட்டார். கடைசியில் சந்தேகப்பட வேறு எதுவும் மிஞ்சாமல், சாப்பாட்டுத் தட்டின் முன் இரண்டு கைகளையும் விரித்துவைத்துப் பார்த்தார்.

"கை போயிடுச்சு" என்றார். "எண் சரியா இருக்கு, கார் தப்பா இருக்கு. வேற என்ன சொல்றது?"

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஏதோ கடைக்குப் போகலாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"கையும் போகல, காலும் போகல. உங்களுக்கு இந்த ஊர் ஒத்துக்கல. மேலயே போயிடலாம்."

நான் எகிறிக் குதித்தேன். "உனக்கு என்ன பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துபோச்சா?"

"அப்ப முடியாம இருந்தேன்டா. இப்ப பாரு" என்று எழுந்து மாடிப்படியில் கீழே போய், நிற்காமல் மேலே ஏறி வந்தாள். வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச மூச்சு வராததைச் சிரிப்பால் மூடினாள் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

பிடிவாதம் என்று வந்துவிட்டால் என் அக்காவை அசைக்க ஆள் பிறக்கவில்லை. மலைவீடு பூட்டித்தான் கிடந்தது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிச் சுத்தம் செய்யவைத்தாள். லாரிக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட அத்தான்மேல் வந்த கோபம்தான் அதிகம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர், கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார். போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. திரைச்சீலை உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி வருவதற்கு முந்தின நாள் அக்காவுக்கு மருத்துவமனையில் பரிசோதனை இருந்தது. அது பாலத்துக்கு அந்தப்பக்கம். மூன்று பேருமாகப் போனோம். நர்ஸ் அக்காவின் விரலில் கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு என்று காட்டும் சின்னக் கருவி. தொண்ணூற்றைந்து என்று காட்டியது. மலையில் எண்பதைத் தொடவே அது முக்கி முனகும்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவள்போல. "சரியாயிடுச்சு. இனிமே மேல போலாமில்ல?"

"எதும்மா சரியாயிடுச்சு? நுரையீரல் அதேதான், ஒண்ணும் மாறல" என்றாள் நர்ஸ். "வெளிய இருக்கிற காத்துதான் மாறியிருக்கு. இந்த ஊர் எண்ணைத் தூக்கிட்டு மேல போகாதீங்க. அங்க இது செல்லாது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தோம். வரவே இல்லை. கடைசியில் அக்காவை நான் தனியாகத்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவள் கேட்கும்படியாகவேதான்.

கடைக்கு வந்தால், பாதி தைத்து வைத்திருந்த ஒரு கார் சீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்.

"மாப்ளே, அந்தச் சிவப்புப் புள்ளி மலையோடது" என்றார்.

"எந்தப் புள்ளி?"

"கேஜ்ல இருக்கே, அது. கேஜுக்கு என்ன தெரியும்? தான் இருக்கிற இடத்துக் காத்துலேர்ந்து எவ்வளவு உறிஞ்சினோம்னு மட்டும்தான் தெரியும். மேல காத்தே கம்மி. கொஞ்சம் உறிஞ்சினாலே பெட்டிக்குள்ள வேணும்கிற அளவுக்கு வந்துடும். அதைக் கண்டுபுடிக்கறதுக்குள்ள கல்யாணமான புதுசுல எத்தனை பெட்டியைக் கெடுத்தேன் தெரியுமா? அப்பதான் உங்கக்காகிட்ட நகப்பூச்சு வாங்கிப் புள்ளி வெச்சேன். வெச்சதும் கணக்கை மறந்துட்டேன். கைக்கு மட்டும் அது ஞாபகம் இருந்துச்சு."

"இங்க வந்தும் அதே புள்ளில நிறுத்திட்டீங்களா?"

"அதேதான். இங்க காத்து ஜாஸ்தி. அந்தப் புள்ளில நிறுத்தினா பெட்டிக்குள்ள இன்னும் நிறைய காத்து மிச்சம் இருக்கும். இதுதான் கம்மிக் காத்துன்னு பெட்டிக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்து மூடிட்டேன். அது போய் கார்கிட்ட அதையே சொல்லுது. கார் பெட்ரோலையும் கம்மியா விடுது. பாவம், பட்டினில இருமுது."

"அப்ப கை போகல?"

"கை எங்கயும் போகல. மலையிலயே நின்னுடுச்சு, அவ்வளவுதான்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லாரியை வேண்டாமென்று சொல்லிவிடலாம், அக்கா இங்கேயே இருப்பாள். ஆனால் அவர் முகத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. சீட்டின் ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டே மென்று விழுங்கினார்.

"சொல்லாம இருந்துடலாமான்னு தோணிச்சு மாப்ளே. நான் சொல்லலன்னா நாளைக்கு லாரி வரும். அவளாதானே கூப்பிடறா, நானா கூப்பிட்டேன்? வீட்டுக்குப் போயிடலாம். இப்படி ஒரு நிமிஷம் நெனைச்சேன்."

"ஒரு நிமிஷமா?"

"பாலம் தாண்டி வர்ற வரைக்கும்."

என் கையில் வளைந்த தையல் ஊசி இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன். நாக்கில் நரம்பில்லாமல் என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "நீ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, அக்காவிடம் சொல்லப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வழியில் மனசு மாறிவிட்டால்?

அவர் சொன்னார். ஒன்றுவிடாமல், புள்ளியின் கணக்கு முதல் சொன்னார். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

"காதுல பூ சுத்தாதீங்க" என்றாள்.

"சத்தியமா சொல்றேன்மா."

"தூக்கத்துல எழுப்பி எந்தத் திருகு எந்தப் பெட்டியோடதுன்னு கேட்டாலும் சொல்லுவீங்க. நீங்க போய் இப்படி மறப்பீங்களா? என்னை இங்க உக்காரவைக்கறதுக்கு நீங்களும் இவனும் சேர்ந்து ஜோடிச்ச கதை இது. இவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

என் மூஞ்சி அப்படி என்ன செய்ததோ. நான் எவ்வளவோ வாதாடினேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"பல் டாக்டர் காரை சரிபண்ணுங்க. நானும் கூட வர்றேன். அது பாலத்துல இருமாம ஏறிட்டா நம்பறேன், இங்கயே இருக்கேன். இருமிச்சுன்னா லாரில ஏத்திடணும், அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. நீங்க பொய் சொல்லுவீங்க. கார் சொல்லாது."

அன்று மதியமே பல் டாக்டரின் சென்சாரைக் கழற்றிக் கொண்டுவந்தோம். அத்தான் அறைக்குள் போய், "ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார். இத்தனை வருஷத்தில் வேலை செய்யும்போது அவர் கதவைச் சாத்தியதே கிடையாது. திருகில் கால் சுற்று போதும். சரியாக வைத்தால் அக்கா இருப்பாள். கொஞ்சம் தவறவிட்டால் கார் இருமும், லாரி வரும், அவர் நினைத்தது நடக்கும், அதற்கு யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அதையே நினைத்துக்கொண்டு வந்த மனிதர் ஆயிற்றே.

அக்கா மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தாள். நான் ஒரு படி கீழே. உள்ளேயிருந்து பம்பின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வெயில் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல காலைல சமையலறைக் கதவைத் திறந்தா மேகம் உள்ள வரும்டா" என்றாள் திடீரென்று. "அடுப்புக்கிட்ட வந்ததும் பயந்தாப்பல திரும்பிப் போயிடும். நான் உக்காந்து பாத்துட்டே இருப்பேன். பால் பொங்கிடும்."

"இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே."

"என்னன்னு சொல்றது? மேகம் வந்துச்சு, பால் பொங்கிச்சுன்னா?"

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கதவுக்குள்ளேயே காதை வைத்திருந்தேன். பம்பின் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பிசின் வாசனை வந்தது. மூடிவிட்டார். சரியோ தப்போ, இனி உடைத்தால்தான் உண்டு. கதவு திறந்தபோது நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

மறுநாள் காலை சென்சாரை மாட்டிவிட்டு சாவி வாங்கினோம். உள்ளே ஒருவர் வாயைப் பிளந்தபடி காத்திருந்ததால் பல் டாக்டர் எங்களோடு வரவில்லை. அத்தான் ஓட்டினார். பக்கத்தில் அக்கா. பின்சீட்டில் நான், என் தையலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு. இன்ஜின் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. ஆனால் தட்டையான ரோட்டில் அது முன்பும் ஒழுங்காகத்தான் ஓடியது. மதியம் லாரி வரும்.

பாலம் வந்தது. காலை மூட்டத்தில் அதன் உச்சி தெரியவில்லை, ரோடு நேராக வானத்துக்குள் போவதுபோல இருந்தது. கார் ஏறத் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் கைப்பிடிக் கம்பியின் நிறம் மாறும் இடம் ஒன்று உண்டு. எப்போதும் அங்கேதான் இருமும். சீட்டின் விளிம்பை நான் பிடித்த பிடியில் தையல் தெறித்திருக்கும். அத்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நிறம் மாறும் இடம் வந்தது, பின்னால் போனது. கார் இருமவில்லை. மெத்தென்று, யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்கிவிடுவதுபோல, உச்சிவரை ஒரே இழுப்பில் ஏறியது. அங்கே மூட்டம் விலகியிருந்தது. கரைப்பக்கம், வயல்களுக்கும் கூரைகளுக்கும் அப்பால், மலை நீலமாகத் தெரிந்தது.

நான் கைதட்டிவிட்டேன். முன்னால் இருந்த இரண்டு பேரும் திரும்பவில்லை. கார் மறுபக்கம் இறங்கி, மருத்துவமனை வாசலைத் தாண்டியது.

"இருமியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்காகத்தான் அவள் போகலாம் என்கிறாள் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். பிறந்த ஊருக்கு வந்துவிட்டாள், தம்பி பக்கத்தில் இருக்கிறான், அவளுக்கு இனி என்ன குறை என்று நான் பாட்டுக்குக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். பாலத்து உச்சியில் தினமும் அவள் எந்தப் பக்கம் பார்த்தாள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"எனக்கும்தான்" என்றார் அத்தான். "திருகைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."

"தெரியும். வெளியதானே இருந்தேன்."

"உன் மூச்சு கதவுக்கு அந்தப்பக்கம் கேட்டுட்டே இருந்துச்சு. நல்லா, சீரா கேட்டுச்சு. அப்புறம் எப்படித் தப்பா வைக்கிறது?"

அக்கா கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "இன்னொரு தடவை ஏத்துங்க" என்றாள். அவர் வண்டியைத் திருப்பிப் பாலத்தில் ஏற்றினார். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். கார் இருமவில்லை. ஊர்ப்பக்கம் இறங்கியதும் அவராகவே திருப்பினார். மூன்றாவது முறையும் அது ஏறியது, முன்னைவிட லேசாக. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இருமலுக்காக உட்கார்ந்திருந்தோம். ஆமாம், அந்தக் கடைசி ஏற்றத்தில் நானும்தான்.

உச்சியில் அக்கா ஜன்னலை இறக்கிவிட்டாள். கடல்காற்று உள்ளே வந்து அவள் முடியைக் கலைத்தது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள்.

"போதுங்க" என்றாள். "வீட்டுக்குப் போங்க."

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை.